நிலத்தின் ஓய்வுக்கு வாடகை

ஐக்கிய அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டில் சுமார் இரண்டரைக் கோடி ஏக்கர் நிலம் அரசின் வாடகையில் இருந்தது. அரசு அந்நிலத்தில் எதையும் கட்டவில்லை, எதையும் பயிரிடவுமில்லை, உடைமையாளரின் உரிமையைப் பறிக்கவுமில்லை. நிலத்தை உழாமல், புல்லும் மரமும் மூடியிருக்குமாறு விட்டுவைப்பதற்காகவே ஆண்டுதோறும் உடைமையாளருக்குப் பணம் கொடுத்து வருகிறது. இதற்கென ஆண்டொன்றுக்குச் சுமார் 180 கோடி டாலர் செலவாகிறது.

உழைப்புக்கு ஊதியம் என்பதே நாம் அறிந்த வழக்கம். உழாமைக்கு ஊதியம் என்பது முதற்பார்வையில் விந்தையாகத் தோன்றும். சோம்பலுக்குப் பரிசா என்று கேட்போரும் உளர். ஆனால் இவ்வேற்பாட்டுக்குப் பின்னால் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. மண் அழிந்ததைக் கண்ணால் கண்ட ஒரு தலைமுறை தொடங்கி வைத்த முயற்சி அது. அவ்வரலாறு நெடுகிலும் ஒரு கேள்வி தொடர்ந்து வருகிறது. மண்ணைக் காப்பது நிலவுடைமையாளரின் கடமையா, அல்லது அரசு விலை கொடுத்துப் பெற வேண்டிய சேவையா? கடமை எனில் பணம் எதற்கு? சேவை எனில், பணம் நின்றபின் மண்ணின் கதி என்ன? இக்கேள்விகளை முன்வைத்து, நிலப் பாதுகாப்பு மானியங்களின் கதையை நாம் இங்கே ஆராய்வோம்.

புழுதிக் காலம்

முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவில் கோதுமைக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அமெரிக்காவில் ஒரு புஷல், அதாவது ஏறத்தாழ 27 கிலோ கோதுமை, 2 டாலருக்கு மேல் விலைபோயிற்று. அந்த விலையால் ஈர்க்கப்பட்டு, மேற்குக் கான்சாஸ், தென்கிழக்குக் கொலராடோ, வடகிழக்கு நியூ மெக்சிகோ ஆகிய பகுதிகளிலும், அவற்றை ஒட்டிய ஓக்லஹோமா, டெக்சாஸ் மாநிலப் பகுதிகளிலும் காலங்காலமாகப் புல் மூடிக்கிடந்த சமவெளிகள் உழப்பட்டன. மழை குறைந்த அந்தப் பகுதியில் மண்ணைப் பிடித்து நிறுத்தியிருந்தது புல்லின் வேர்தான். 1930களில் விலை வீழ்ந்தது, மழையும் பொய்த்தது. வயலில் பயிரும் இல்லை, பழைய புல்லும் இல்லை என்ற நிலையில், காற்று மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போயிற்று.

1934 மே மாதத்தில் எழுந்த புழுதிப் புயல் நியூயார்க், வாஷிங்டன் நகரங்களின் வானத்தை மறைத்தது. அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்களிலும் அப்புழுதி படிந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புயல் பட்டப்பகலை இரவாக்கியது. அந்நாள் இன்றும் 'கறுப்பு ஞாயிறு' என்றே குறிப்பிடப்படுகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டு மேற்கே கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டன.

இந்த அழிவை முன்கூட்டியே எச்சரித்தவர்களுள் முதன்மையானவர் ஹியூ ஹாமண்ட் பென்னட். வேளாண் துறையில் மண் ஆய்வாளராகப் பணியாற்றிய அவர், மண்ணரிப்பு நாட்டுக்கே நேர்ந்துள்ள பேராபத்து என்று விளக்கும் அறிக்கையொன்றை 1928ஆம் ஆண்டிலேயே மற்றொருவருடன் சேர்ந்து எழுதி வெளியிட்டார். அப்போது அதைப் பெரிதாகக் கருதியோர் சிலரே. புழுதி தலைநகரை எட்டியபின் நிலைமை மாறியது. 1935 ஏப்ரல் 27 அன்று மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி வேளாண் துறையில் மண் பாதுகாப்புப் பணித்துறை நிறுவப்பட்டது. பென்னட் அதன் முதல் தலைவரானார். மேட்டுச் சரிவுகளைக் குறுக்காக உழுவது, வரப்புத் தட்டுகள் அமைப்பது, புல்லும் பயிரும் மாறிமாறிப் பட்டைகளாக விதைப்பது ஆகிய முறைகளை உழவர்களுக்கு நேரில் செய்துகாட்டுவதே அத்துறையின் பணி. 1937 முதல் மாநிலச் சட்டங்களின்கீழ் மண் பாதுகாப்பு வட்டங்கள் தோன்றின. அவ்வட்டத்து உழவர்களே தங்களுள் சிலரைத் தேர்ந்தெடுத்து, அரசு வல்லுநரின் துணையோடு தம் வட்டத்து நிலத்தைக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 3,000 வட்டங்கள் உள்ளன.

தீர்ப்பு மாற்றிய பெயர்

மண்ணைக் காக்கும் இம்முயற்சி ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, உழவர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் ஒன்று வேறொரு நோக்கத்துடன் மறுபுறம் நடந்தது. இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்த விதம் கவனிக்கத்தக்கது.

பொருளாதாரப் பெருமந்தத்தில் விளைபொருள் விலை அடிமட்டத்துக்குச் சென்றபோது, விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்ற கருத்தில் 1933 மே மாதத்தில் வேளாண்மைச் சீராக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பயிரிடும் பரப்பைக் குறைப்பவருக்கு அரசு பணம் கொடுத்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் பருத்தி, வயலில் நின்ற நிலையிலேயே உழுது அழிக்கப்பட்டது. இதற்கான பணம் மாவு ஆலை, நூற்பாலை போன்றவற்றின் மீது விதித்த வரியிலிருந்து வந்தது. மண் பாதுகாப்புக்கும் இச்சட்டத்துக்கும் தொடர்பில்லை. இது முழுக்க முழுக்க விலையைத் தாங்கிப் பிடிக்கும் முயற்சி.

1936 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வேளாண்மையை ஒழுங்குபடுத்துவது மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. ஒருவரிடம் வரி வாங்கி மற்றவரின் பயிர்ப்பரப்பைக் குறைக்க மைய அரசு விலை கொடுப்பது அரசியலமைப்புக்கு உட்பட்டதன்று என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. பணம் நின்றுவிட்டால் உழவர்கள் மீண்டும் வீழ்வர் என்று அஞ்சிய அரசு, எட்டு வாரங்களுக்குள் மாற்று வழி கண்டது. பிப்ரவரி 29 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் புதிய சட்டமொன்றில் கையெழுத்திட்டார். கோதுமை, மக்காச்சோளம், பருத்தி, புகையிலை ஆகியவை மண்ணின் சத்தை உறிஞ்சும் பயிர்கள் என்றும், புல் வகைகளும் பயறு வகைகளும் மண்ணைக் காக்கும் பயிர்கள் என்றும் அச்சட்டம் பகுத்தது. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நிலத்தை மாற்றுவோருக்குப் பணம் தரப்பட்டது.

மிகையாக விளைந்து விலையைக் கெடுத்த பயிர்களே மண்ணைக் கெடுக்கும் பயிர்களாகவும் இருந்தது வாய்ப்பாக அமைந்தது. எனவே விலையைக் காக்கக் கொடுத்த பணமே மண்ணைக் காக்கக் கொடுக்கும் பணமாகப் பெயர் மாறியது. நிலப் பாதுகாப்பு மானியம் ஒரு பொய்யான போர்வை என்று நாம் சொல்லவில்லை. மண்ணரிப்பு உண்மையானது, புல் விதைத்ததால் விளைந்த நன்மையும் உண்மையானது. ஆயினும் பிறப்பிலேயே அதற்கு இரண்டு நோக்கங்கள் இருந்தன: ஒன்று உழவரின் வருமானம், மற்றொன்று மண்ணின் நலம். இவ்விரண்டும் ஒரே திசையில் செல்லும் காலத்தில் திட்டம் செழித்தது. அவை பிரியும் காலத்தில் எது வென்றது என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

பணம் சேர்ந்த கை

அதற்கு முன், அந்தப் பணம் யாரைச் சென்றடைந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும். தென் மாநிலங்களின் பருத்தி வயல்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலம் இல்லாதவர்கள். நிலக்கிழாரின் நிலத்தில், அவரது ஏரையும் விதையையும் கொண்டு பயிரிட்டு, விளைச்சலில் ஒரு பங்கைப் பெற்றுவந்த வாரக் குடியானவர்கள் அவர்கள். பரப்பைக் குறைக்கும் ஒப்பந்தம் நிலக்கிழாருடன் செய்யப்பட்டது. பணமும் பெரும்பாலும் அவர் வழியாகவே வந்தது. குடியானவரின் பங்கைக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டவர் பலர். மேலும், பயிரிடும் பரப்பு குறைந்தபின் அத்தனை குடியானவர்கள் எதற்கு என்ற எண்ணமும் எழுந்தது. வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் ஏராளம்.

இதை எதிர்த்து 1934இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் டைரன்சா என்னும் ஊரை ஒட்டித் தென்னகக் குத்தகை உழவர் சங்கம் தோன்றியது. நிறப் பிரிவினை சட்டமாகவே இருந்த அந்நாளில், கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து தொடங்கிய சங்கம் அது. வேளாண் துறைக்குள்ளேயே குடியானவர்களின் உரிமைக்காக வாதாடிய சட்ட அலுவலர்கள் சிலர் 1935 பிப்ரவரியில் பதவி நீக்கப்பட்டனர்.

நிலத்தின் பெயரால் கொடுக்கப்படும் எந்த மானியமும் நிலம் வைத்திருப்பவரிடமே போய்ச் சேரும். நிலத்தில் உழைப்பவர் வேறு, உடைமையாளர் வேறு என்றிருக்கும் இடத்தில், நிலத்துக்கு ஓய்வு என்பது உழைப்பவருக்கு வேலையின்மை என்று பொருள்படும். இப்பாடம் பின்னாளில் முற்றிலும் மறக்கப்படவில்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில், குத்தகையாளர், வாரக் குடியானவர் ஆகியோரின் நலனைக் காப்பதற்கும், தொகையை நியாயமாகப் பகிர்வதற்கும் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. ஆயினும் அமெரிக்க விளைநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இன்றும் குத்தகையில் இருப்பதால், இச்சிக்கல் தீர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

மண் வங்கியும் மறுஉழவும்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் மீண்டும் விளைச்சல் மிகுந்து விலை சரிந்தது. 1956இல் ஐசனோவர் ஆட்சியில் 'மண் வங்கி' என்னும் திட்டம் வந்தது. வங்கியில் பணம் போட்டுவைப்பதுபோல, நிலத்தின் வளத்தைப் பிற்காலத்துக்காகச் சேமித்து வைப்பது என்பது கருத்து. நிலத்தைப் பயிரிலிருந்து விடுவித்துப் புல்லோ மரமோ நடுவதற்கு மூன்று முதல் பத்து ஆண்டுகள் வரை ஒப்பந்தம் செய்யப்பட்டது. 1960இல் இவ்வாறு ஒதுக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 2 கோடியே 87 இலட்சம் ஏக்கர்.

ஒப்பந்தங்கள் முடிந்தன. 1972இல் சோவியத் ஒன்றியம் அமெரிக்கத் தானியத்தைப் பெருமளவில் வாங்கியது, விலை பாய்ந்தேறியது. வேலி முதல் வேலி வரை ஓரடியும் விடாமல் பயிரிடுங்கள் என்று வேளாண் அமைச்சர் ஏர்ல் பட்ஸே ஊக்குவித்தார். ஒதுக்கப்பட்டிருந்த புல்வெளிகள் மீண்டும் உழப்பட்டன. புழுதிக் காலத்தில் காற்றைத் தடுப்பதற்காக 1934 முதல் 1942 வரை வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை 20 கோடிக்கு மேற்பட்ட மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டிருந்தன. அவற்றுள் சிலவும் பெரிய பாசனக் கருவிகளுக்கு இடையூறு என்று வெட்டப்பட்டன.

இங்கு ஒரு வேறுபாட்டைக் காண்கிறோம். தென் மாநிலங்களில் மண் வங்கியின்கீழ் சுமார் 20 இலட்சம் ஏக்கரில் மரம் நடப்பட்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்தபின்னும் அதன் பெரும்பகுதி காடாகவே நீடித்தது. மரத்தை அழித்து வேர் பறித்து நிலத்தைத் திருத்துவது பெருஞ்செலவு. மேலும் மரம் தானே ஒரு விளைபொருள். புல்லை உழுவதற்கோ ஒரு பருவம் போதும். மனிதரின் நல்லெண்ணத்தில் வேறுபாடு இல்லை. மீட்பதற்கு ஆகும் செலவில்தான் வேறுபாடு.

1985ஆம் ஆண்டுத் திட்டம்

1980களின் தொடக்கத்தில் ஏற்றுமதி சரிந்தது. தானியக் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. கடன்பட்ட உழவர்களின் நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. அதே காலத்தில் மண்ணரிப்பும் மீண்டும் கவலைக்குரியதாக வளர்ந்திருந்தது. 1936இல் போலவே இரு நோக்கங்களும் மறுபடி ஒன்றுசேர்ந்தன. 1985 டிசம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே, இன்றுவரை நடந்துவரும் நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம் பிறந்தது.

அது நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். எளிதில் அரிக்கப்படும் விளைநிலத்தை வைத்திருப்பவர், ஏக்கருக்கு இவ்வளவு வாடகை போதும் என்று குறிப்பிட்டு விண்ணப்பிக்கிறார். அப்பகுதி மண்ணின் தரத்தையும், மானாவாரி நிலத்துக்கு அங்கு நிலவும் குத்தகையையும் கணக்கிட்டு அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும். 1990களிலிருந்து சுற்றுச்சூழல் பயன் குறியீடு என்னும் மதிப்பெண் முறையும் பின்பற்றப்படுகிறது. மண்ணரிப்பு எவ்வளவு தடுக்கப்படும், நீர்நிலைகள் எவ்வளவு தூய்மையாகும், பறவை விலங்குகளுக்கு எவ்வளவு பயன், காற்றின் தூய்மைக்கு என்ன நன்மை, ஒப்பந்தம் முடிந்தபின்னும் பயன் நீடிக்குமா, செலவு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு, உயர்ந்த மதிப்பெண் பெற்றவை ஏற்கப்படுகின்றன. ஒப்பந்தக் காலம் 10 முதல் 15 ஆண்டுகள். புல் விதைக்கவும் மரம் நடவும் ஆகும் செலவில் பாதி வரை அரசு ஏற்கிறது. இடையில் ஒப்பந்தத்தை முறிப்பவர் அதுவரை பெற்ற தொகையை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். கடும் வறட்சிக் காலத்தில், அரசின் இசைவுடன் புல்லை அறுக்கவோ கால்நடை மேய்க்கவோ இடமுண்டு. 2012ஆம் ஆண்டு வறட்சியில் அவ்வாறு இசைவு தரப்பட்டது.

திட்டத்தை வகுத்தவர்கள் சில காப்புகளையும் வைத்தார்கள். எந்த மாவட்டத்திலும் விளைநிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பொதுவாக ஒதுக்கக் கூடாது. நிலமெல்லாம் ஓய்வுக்குப் போய்விட்டால் விதை, உரம் விற்கும் கடைகளும் தானியக் கிடங்குகளும் மூடப்பட்டு ஊரே காலியாகிவிடும் என்பது இதற்குக் காரணம். மானியத்துக்காகவே நிலம் வாங்கும் வணிகரைத் தடுக்க, விண்ணப்பிப்பவர் குறிப்பிட்ட காலம் அந்நிலத்தை உடைமையாக வைத்திருந்திருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். ஒருவர் ஓராண்டில் பெறக்கூடிய வாடகைக்கு 50,000 டாலர் என்ற வரம்பும் உண்டு.

பயன்கள் கண்கூடானவை. 2007இல் இத்திட்டத்தின்கீழ் இருந்த பரப்பு 3 கோடியே 68 இலட்சம் ஏக்கர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிடக் கூடுதல். அமெரிக்க விளைநிலங்களிலிருந்து நீரும் காற்றும் அரித்துச் சென்ற மண் 1982இல் ஆண்டுக்கு 306 கோடி டன்னாக இருந்தது. 2007இல் அது 173 கோடி டன்னாகக் குறைந்தது. உழவில்லா விதைப்பு முறை பரவியது உள்ளிட்ட பிற காரணங்களும் இதற்கு உண்டு. எனினும் இத்திட்டத்தின் பங்கு பெரிது. வட சமவெளியின் சிறு குட்டைகளைச் சூழ்ந்து புல் வளர்ந்ததால், ஆண்டுக்குச் சுமார் 20 இலட்சம் காட்டு வாத்துகள் கூடுதலாகப் பெருகின என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

விலை ஏறியபோது

இத்தனை வெற்றி பெற்ற திட்டத்தின் பரப்பு 2007க்குப்பின் சரியத் தொடங்கியது. 2012இல் அது 2 கோடியே 95 இலட்சம் ஏக்கர். 2016இல் சுமார் 2 கோடியே 40 இலட்சம் ஏக்கர். காரணம் மக்காச்சோளத்தின் விலை. பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்று 2005இலும் 2007இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் கட்டாயப்படுத்தின. அந்த எத்தனால் பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. 2005இல் புஷலுக்கு 2 டாலர் அளவில் இருந்த மக்காச்சோளம், 2012 விளைச்சலில் ஏறத்தாழ 7 டாலரை எட்டியது. அரசு தந்த வாடகையோ நாடளாவிய சராசரியில் ஏக்கருக்கு 50 டாலரை ஒட்டியே இருந்தது. ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் அதைப் புதுப்பிக்கவில்லை. நாடாளுமன்றமும் செலவைக் குறைக்க எண்ணி, 2008இல் பரப்பின் உச்சவரம்பை 3 கோடியே 20 இலட்சம் ஏக்கராகவும், 2014இல் 2 கோடியே 40 இலட்சம் ஏக்கராகவும் இறக்கியது.

பதினைந்து இருபது ஆண்டுகள் வாடகை கொடுத்து வளர்க்கப்பட்ட புல்வெளி, ஓரிரு நாள் உழவில் மறைந்தது. மண்ணில் சேர்ந்திருந்த கரிமத்தின் ஒரு பகுதி மீண்டும் காற்றில் கலந்தது. இதில் உழவரைக் குற்றம் சொல்ல நாம் முற்படவில்லை. அவர் ஒப்பந்தத்தை மீறவில்லை. காலம் முடிந்தது, வெளியேறினார். வாடகைக்கு எடுத்தவர் வாடகைக் காலத்துக்குமேல் உரிமை கோர இயலாது. ஓர் அரசே தன் ஒரு கையால் நிலத்தின் ஓய்வுக்குப் பணம் கொடுத்துக்கொண்டு, மறு கையால் அதே நிலத்தை உழத் தூண்டும் சந்தையை உருவாக்கியது என்பதே கவனிக்க வேண்டியது. வருமானமும் மண்நலமும் பிரிந்தபோது வருமானமே வென்றது; 1972இல் கண்டதை 2007க்குப்பின் மறுபடியும் கண்டோம்.

இன்னொரு கசிவும் உண்டு. ஒரு வயலை ஓய்வுக்கு விட்டுப் பணம் பெறுபவர், இதுவரை உழப்படாத வேறொரு நிலத்தை உழத் தொடங்கலாம். விலை உயர்வைக் கண்டு அண்டை நிலத்தாரும் அவ்வாறு செய்யலாம். நடு அமெரிக்கப் பகுதியைப் பற்றி 2000ஆம் ஆண்டில் ஜுன்ஜி வூ என்னும் பொருளியல் அறிஞர் வெளியிட்ட ஆய்வின்படி, இத்திட்டத்தில் ஓய்வளிக்கப்பட்ட ஒவ்வொரு 100 ஏக்கருக்கும், ஏறத்தாழ 20 ஏக்கர் புதிதாக உழவுக்கு வந்தது.

நியாயம் பற்றிய கேள்வியும் எழுகிறது. சரிவான நிலத்தை ஒருபோதும் உழாமல் மேய்ச்சலுக்கே விட்டுவைத்தவருக்குத் தொடக்ககால விதிகளின்படி ஒன்றும் கிடைக்கவில்லை. உழுது கெடுத்தவர்தான் ஓய்வளிக்கத் தகுதி பெற்றார். முன்பே நல்லவராக இருந்தவர் கைவிடப்படுவது எல்லா மானியங்களிலும் காணப்படும் குறை. பிற்காலத்தில் மேய்ச்சல் நிலங்களைக் காப்பதற்கென ஒரு பிரிவு சேர்க்கப்பட்டு இக்குறை ஓரளவு நீக்கப்பட்டது. இன்று திட்டப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அத்தகைய புல்நிலமே.

நிபந்தனையும் நிரந்தர விற்பனையும்

1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாடகைத் திட்டத்துடன் வேறொரு விதியும் இருந்தது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எளிதில் அரிக்கப்படும் நிலத்தை உரிய பாதுகாப்பின்றி உழுபவரும், சதுப்பு நிலத்தை வடித்துப் பயிரிடுபவரும் அரசின் ஏனைய வேளாண் உதவிகளைப் பெறத் தகுதியிழப்பர் என்பது அவ்விதி. இதற்கெனத் தனியே பணம் கொடுக்கப்படுவதில்லை. பொதுப்பணத்தைப் பெறுபவர் பொதுமண்ணைக் கெடுக்கலாகாது என்ற எளிய நியாயமே அதன் அடிப்படை. 1982 முதல் 1997 வரை குறைந்த மண்ணரிப்பில் நான்கில் ஒரு பங்கு வரை இவ்விதியால் விளைந்திருக்கலாம் என்று வேளாண் துறையின் பொருளியல் ஆய்வாளர்கள் கணித்தனர்.

ஆனால் இவ்விதிக்கும் பலவீனம் உண்டு. 1996இல் பயிர்க் காப்பீட்டு மானியம் இந்நிபந்தனையிலிருந்து விலக்கப்பட்டது. காப்பீடே மிகப் பெரிய உதவியாக வளர்ந்தபின், 2014இல்தான் அது மீண்டும் இணைக்கப்பட்டது. நடைமுறையிலும் தளர்ச்சி இருந்தது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003இல் அளித்த அறிக்கை, ஏறத்தாழப் பாதி வட்டார அலுவலகங்கள் விதியை முறையாகச் செயற்படுத்தவில்லை என்று கூறியது. உழவர்களுக்கு ஆலோசகராகவும் நண்பராகவும் பழகிய அலுவலரே அவர்களைத் தண்டிக்கும் அதிகாரியாகவும் இருப்பது எளிதன்று.

மூன்றாவது வழி 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. வடித்து வயலாக்கப்பட்ட பழைய சதுப்பு நிலங்களை மீட்பதற்காக, அங்கே பயிரிடும் உரிமையை மட்டும் அரசு விலைக்கு வாங்கியது. நிலம் உடைமையாளரிடமே இருக்கும். வேட்டைக்கும் பொழுதுபோக்குக்கும் அவர் பயன்படுத்தலாம். பிறருக்கு விற்கவும் செய்யலாம். ஆனால் உழுவதற்கோ வடிப்பதற்கோ உள்ள உரிமை அவருக்கும் இல்லை. அவரிடமிருந்து வாங்குபவருக்கும் இல்லை. பெரும்பாலானவை நிரந்தர உரிமைகள். சில 30 ஆண்டுகளுக்கானவை. இவ்வாறு 25 இலட்சம் ஏக்கருக்கு மேல் மீட்கப்பட்டது. தொடக்கச் செலவு அதிகம்தான். எனினும் மக்காச்சோளம் 7 டாலருக்கு விற்றபோது, நிரந்தர உரிமை விற்கப்பட்ட நிலங்களில் ஏர் இறங்க வழியில்லை.

எது எதற்குப் பொருந்தும்?

ஆக, மண்ணைக் காக்க ஓர் அரசுக்கு மூன்று வழிகள் இருப்பதைக் காண்கிறோம்: வாடகை, நிபந்தனை, நிரந்தர உரிமை. இவற்றுள் வாடகைதான் அனைவருக்கும் உவப்பானது. உடைமையாளருக்கு உறுதியான வருமானம். எந்த உரிமையையும் இழக்க வேண்டியதில்லை. அரசியலாளருக்கோ நன்றியுள்ள வாக்காளர்கள். ஆகையால் பணத்தின் பெரும்பகுதி அதற்கே சென்றது. ஆனால் உவப்பானது என்பதாலேயே அது எல்லா நிலத்துக்கும் ஏற்றது ஆகாது.

களைத்துப்போன வயலைச் சில ஆண்டுகள் ஆறப்போட்டு, மண் தேறியபின் மீண்டும் பயிரிடுவது நோக்கமானால் வாடகை பொருத்தமே. விலை வீழ்ந்த காலத்தில் உழவரைக் காப்பதும் அதனால் இயலும். ஆனால் ஒருபோதும் உழக்கூடாத சரிவையும் சதுப்பையும் பத்தாண்டு வாடகையில் வைத்திருப்பது, தீராத வேலையைத் தீர்ந்ததாக எண்ணுவதற்கு ஒப்பாகும். அத்தகைய நிலத்துக்கு உரிய விலையை ஒரேமுறை கொடுத்து உரிமையை வாங்கிவிடுவதே முறை. பொதுப்பணத்தில் காப்பீடும் உதவியும் பெறும் ஒவ்வொருவரும் செய்யவேண்டிய அடிப்படைப் பாதுகாப்புக்கோ தனி விலை கொடுக்கத் தேவையில்லை. அது நிபந்தனையாக இருக்க வேண்டும். அந்நிபந்தனை தளராமல் செயற்படவும் வேண்டும்.

கடமையா சேவையா என்று நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு, நிலத்துக்கு நிலம் விடை வேறுபடும் என்பதே நமது கருத்து. தன் மண் அடித்துச் செல்லப்பட்டு அண்டை வயலையும் ஆற்றையும் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது கடமை. அதற்கும் அப்பால், பொதுநன்மைக்காகத் தன் விளைச்சலையே விட்டுக்கொடுப்பது சேவை. அதற்கு விலை தருவதே நீதி. அந்த விலையில், அந்நிலத்தை நம்பி உழைத்தவரின் பங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எந்த நாட்டில் இத்தகைய திட்டம் வகுக்கப்பட்டாலும், இத்தனை ஏக்கருக்கு ஓய்வளித்தோம் என்ற புள்ளிவிவரத்தோடு நிறைவடைந்துவிடாமல், தானிய விலை இருமடங்கானால் அவற்றுள் எத்தனை ஏக்கர் எஞ்சும் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. அமெரிக்க அனுபவம் உலகுக்குத் தரும் பயனுள்ள பாடம் இதுவே.